பொருள் மாறாமல் வேறு சொல்லில்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது. தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கும் வாசகி எழுதியது. பிரிட்டனுக்குப் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்கிறார். படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 வாங்கிவிட்டார். எழுதுதலில் மட்டும் 6. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுதுதலில் 6.5 வேண்டும். அந்த அரை மதிப்பெண்ணுக்காக மறுபடியும் பதினெட்டாயிரம் ரூபாய் அளவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அது அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிறதாம். வீட்டில் எழுதிப் பழகிய கட்டுரைகள் சிலவற்றையும் கடிதத்தோடு இணைத்திருந்தார். "எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் போட்டுத்தான் எழுதுகிறேன். பாராஃப்ரேஸ் சரியில்லை என்றே சொல்கிறார்கள். இன்னும் எந்த வார்த்தைகளைப் படிக்க வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்தேன். அவர் இனிமேல் ஒரு வார்த்தைகூடப் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குத் தோன்றியது. அவரைப் போலவே நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இதே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்பதால், அவருக்கு எழுத நினைத்த பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அவர் எழுதிப் பழகிய கேள்விகளில் ஒன்று, 'மெனி எல்டர்லி பீப்பிள் நவ் லிவ் அலோன்' என்று தொடங்குகிறது. முதியவர்கள் பலர் இப்போது தனியாக வாழ்கிறார்கள், அவ்வளவுதான். இதை முன்னுரையில் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பாராஃப்ரேஸ் என்பது அதுதான். சகோதரி எழுதியிருப்பது: 'நியூமரஸ் சீனைல் ஹியூமன்ஸ் கரன்ட்லி ரிசைட் இன் சாலிட்யூட்.' ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மாற்று வார்த்தை. எத்தனை உழைப்பு இதற்குள் போயிருக்கிறது என்று நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. ஏனென்றால் வாக்கியம் இப்போது வேறு எதையோ சொல்கிறது. 'சீனைல்' என்றால் வயதானவர் அல்ல, வயதினால் புத்தி தடுமாறிப்போனவர். ஒரு பெரியவரை அப்படிச் சொன்னால் அது அவமானம். 'ஹியூமன்ஸ்' என்பது மனித இனத்தை விலங்கிலிருந்து பிரித்துச் சொல்லும்போது பொருந்தும், அண்டை வீட்டுத் தாத்தாவைப் பற்றிப் பேசும்போது பொருந்தாது. 'சாலிட்யூட்' என்பதற்கு ஒருவர் அமைதியை நாடித் தானே தேடிக்கொண்ட தனிமை என்ற சாயல் உள்ளது. பிள்ளைகள் துபாய்க்கும் டொரண்டோவுக்கும் போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவை அந்தச் சொல் குறிக்காது. இத்தனைக்கும் பிறகு, வாக்கியத்தின் அமைப்பு கேள்வியில் இருந்தபடியே இருக்கிறது. எழுவாய் இருந்த இடத்தில் எழுவாய், வினை இருந்த இடத்தில் வினை. மாற வேண்டியது மாறவில்லை, மாறக் கூடாதது மாறிவிட்டது.

இதையே 'இன் ஓல்ட் ஏஜ், லிவிங் அலோன் ஹேஸ் பிகம் காமன்' என்று எழுதலாம். முதுமையில் தனியாக வாழ்வது சாதாரணமாகிவிட்டது. இதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. 'லிவிங் அலோன்' என்பதைத் தொடவே இல்லை. தொட அவசியமும் இல்லை. ஆனால் வாக்கியம் புதிது. கேள்வியில் ஆட்களைப் பற்றிப் பேசியது, இங்கே ஒரு நிலைமையைப் பற்றிப் பேசுகிறது. படிப்பவருக்கு, எழுதியவர் கேள்வியைப் புரிந்துகொண்டார் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். பாராஃப்ரேஸ் என்று தேர்வில் கேட்பது இந்தப் புரிதலுக்கான சாட்சியைத்தான்.

பயிற்சி மையங்களில் பெரும்பாலும் இது இப்படிச் சொல்லித்தரப்படுவதில்லை. ஒரு அட்டவணையைக் கொடுத்துவிடுகிறார்கள். இடது பக்கம் எளிய சொல், வலது பக்கம் நாலைந்து 'பவர் வேர்ட்ஸ்'. 'திங்க்' என்றால் 'ஓப்பைன்', 'பேட்' என்றால் 'டெட்ரிமென்டல்', 'மெனி' என்றால் 'எ பிளெத்தோரா ஆஃப்'. கூடவே நெட்டுரு போட நாலு வாக்கியம்: இந்த நவீன யுகத்தில், இது இருபக்கமும் கூரான வாள், இப்படி. தேர்வாளர்கள் இவற்றை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள். மனப்பாட வாக்கியங்களை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சி உண்டு. மதிப்பெண் விளக்க அட்டவணையில் குறைந்த மதிப்பெண்களுக்கான அடையாளமாக அவை எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன. கேள்வித்தாளிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதிய வரிகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. 250 சொல் எழுதினோம் என்று நினைத்திருப்போம். முன்னுரையில் முப்பது சொல் கேள்வியின் சொல்லாகவே இருந்தால், தேர்வாளரின் கணக்கில் அது 220. ஆக, அப்படியே எழுதினாலும் ஆபத்து, அட்டவணையைப் பார்த்து மாற்றினாலும் ஆபத்து. நடுவில் இருக்கும் வழி ஒன்றுதான். கேள்வி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை நாம் சொல்வது.

எழுதுதலில் இரண்டு பகுதி, மொத்தம் 60 நிமிடம். வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொல்லுக்குக் குறையாமல் எழுதும் பகுதியில், முதல் வாக்கியத்திலேயே இந்த வேலை வந்துவிடுகிறது. 1990 முதல் 2010 வரை மூன்று நாடுகளுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இந்தப் படம் காட்டுகிறது என்று கேள்வியில் இருக்கும். 'தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ்' என்பதை 'ஹௌ மெனி டூரிஸ்ட்ஸ்' என்று திருப்பினால் வாக்கியமே தானாக உடைந்து புதிதாக அமைந்துகொள்ளும். எத்தனை பேர் போனார்கள் என்று ஒரு வினைச்சொல் உள்ளே வந்துவிடுகிறது அல்லவா, அதுதான் காரணம். ஆனால் பலர் இந்த இடத்தில் 'நம்பர்' என்பதற்கு மாற்றாக 'அமௌன்ட்' என்றும் 'பர்சென்டேஜ்' என்றும் போட்டுவிடுகிறார்கள். முன்னது எண்ணக்கூடிய ஆட்களுக்கு வராது. பின்னது உண்மையையே மாற்றிவிடும். எண்ணிக்கை வேறு, விழுக்காடு வேறு. நாடுகளின் பெயர், ஆண்டு, 'டூரிஸ்ட்' போன்ற மையச் சொற்கள் எதையும் மாற்ற வேண்டாம். 'டூரிஸ்ட்' என்று மறுபடியும் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று நினைத்து 'வேகபாண்ட்' என்று எழுதிய தாளையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வீடு வாசல் இல்லாமல் அலைபவர் என்று பொருள்.

எங்கள் ஆசிரியர் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையும் ஏறக்குறைய இதேதான். ஓர் அரசுச் செய்திக்குறிப்பைக் கையில் கொடுத்து, மூன்று பத்தியில் நம் வாசகருக்குப் புரியும்படி எழுதுங்கள் என்பேன். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள்கூட ஓரிடத்தில் சறுக்குவார்கள். குறிப்பில் 'பரிசீலித்து வருகிறது' என்று இருக்கும். இவர்கள் 'முடிவு செய்துள்ளது' என்று எழுதிவிடுவார்கள். 'சில மாவட்டங்களில்' என்றிருப்பது 'மாநிலம் முழுவதும்' ஆகிவிடும். 'வாய்ப்புள்ளது' என்பது 'நடக்கும்' ஆகிவிடும். நடை அழகாக இருக்கும், செய்தி பொய்யாகியிருக்கும். மாற்றிச் சொல்லும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த அளவுகளைத்தான். எத்தனை பேர், எவ்வளவு உறுதி, எப்போது, எந்த நிபந்தனையின் பேரில். ஆங்கிலத்தில் 'மே' என்பதும் 'வில்' என்பதும் சின்னஞ்சிறு சொற்கள். 'சம்', 'மோஸ்ட்', 'ஒன்லி', 'மெயின்லி' எல்லாமே அப்படித்தான். பெரிய வார்த்தைகளைத் தேடுகிற கண்ணில் இவை படுவதில்லை. வாக்கியத்தின் உண்மை இவற்றில்தான் இருக்கிறது.

படித்தல் பகுதியை எழுதியவர்கள் இதைத் தெரிந்துதான் கேள்வி அமைக்கிறார்கள். 60 நிமிடத்தில் மூன்று நீண்ட பகுதிகள், 40 கேள்விகள். பகுதியில் இருக்கும் சொல் பெரும்பாலும் கேள்வியில் இருக்காது. கேள்வியில் இருக்கும் சொல் பகுதியில் வேறு உருவத்தில் இருக்கும். 'உண்மை, பொய், சொல்லப்படவில்லை' என்ற வகைக் கேள்வி பலரைக் கலங்க வைக்கிறது. உதாரணத்துக்கு, அந்தக் கிணற்றை 1920-க்குப் பிறகு ஊரில் வெகு சிலரே பயன்படுத்தினார்கள் என்று பகுதியில் இருக்கிறது. கேள்வியில், 1920-க்குப் பிறகு கிணற்றை யாரும் பயன்படுத்தவில்லை என்று இருக்கிறது. ஆண்டு ஒத்துப்போகிறது, கிணறு ஒத்துப்போகிறது, அவசரத்தில் 'உண்மை' என்று போட்டுவிடுவோம். வெகு சிலர் என்றால் சிலர் இருந்தார்கள் என்று பொருள், ஆகவே பொய். இதே இடத்தில், கிணற்று நீர் உப்பாக மாறியதால் மக்கள் அதைக் கைவிட்டார்கள் என்று கேட்டிருந்து, பகுதியில் காரணமே சொல்லப்படவில்லை என்றால், நம் ஊர் அனுபவத்தை வைத்து விடை சொல்லக் கூடாது. எழுதுதலில் மற்றவர் கருத்தை நாம் மாற்றிச் சொல்கிறோம், படித்தலில் மற்றவர் மாற்றிச் சொன்னது சரியா என்று சோதிக்கிறோம். ஒரே திறமைதான். ஒன்றில் பழகுவது மற்றதிலும் கைகொடுக்கும்.

கேட்டலிலும் அப்படியே. ஒரு பெண் பேசுகிறார்: முன்பு பஸ்ஸில்தான் போவேன், கட்டணத்தை ஏற்றிய பிறகு சைக்கிளை எடுத்துவிட்டேன் என்கிறார். அவர் இப்போது எப்படி வேலைக்குப் போகிறார் என்பது கேள்வி. 'பஸ்' என்ற சொல் காதில் முதலில் விழுந்ததும் பேனா அங்கே போய்விடுகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சொல்லைக் கேட்பவர் தவறவிடுவார், சொன்னதைக் கேட்பவர் பிடித்துக்கொள்வார்.

பேசுதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நம்மவர்கள் அதிகம் பயப்படும் பகுதி அது. 11 முதல் 14 நிமிடம், எதிரே ஒரு தேர்வாளர். மதிப்பெண் விளக்கத்தில் பாராஃப்ரேஸ் என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. அரிதாகவே முயல்கிறார் என்றால் 4, முயல்கிறார் ஆனால் எப்போதும் கைகூடுவதில்லை என்றால் 5, பொதுவாக வெற்றி பெறுகிறார் என்றால் 6, தேவைப்படும்போது திறம்படப் பயன்படுத்துகிறார் என்றால் 7. இங்கே அதன் பொருள், ஒரு சொல் தெரியாமல் போனால் அதைச் சுற்றிப் போய்ச் சொல்லிவிடுகிற திறமை. சொல் மறந்துபோவது குற்றமே இல்லை. அப்படி மறந்துபோகும் இடம் மதிப்பெண் வாங்கும் இடமாகவும் ஆகலாம்.

நீங்கள் போன ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று தலைப்பு அட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொய்யைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர்க் கல்யாணத்தைச் சொல்ல முடியுமா? அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடித் திணறி, 'ம்ம்... கிஃப்ட்' என்று முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி முடித்தால் நஷ்டம் நமக்குத்தான். விருந்தாளிகள் பணம் தருவார்கள், மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதிக்கொள்வார், அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது இந்தக் குடும்பம் அதைத் திருப்பிச் செய்யும். இதைச் சொல்ல என்ன ஆங்கிலம் வேண்டும்? 'கெஸ்ட்ஸ் கிவ் மணி, சம்படி ரைட்ஸ் டவுன் ஈச் நேம் இன் எ நோட்புக், அண்ட் ஒன் டே தி ஃபேமிலி கிவ்ஸ் இட் பேக்.' எல்லாம் சாதாரணச் சொற்கள். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். சொல் தெரியாத இடத்தில் நிற்காமல் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிகிறது.

இந்தத் திறமை நமக்குப் புதிதே அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவரும் இதைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறார். செய்யுளைக் கொடுத்து, பொருளை உன் சொந்த நடையில் எழுது என்பார்கள். உரைப்பத்தியைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்பார்கள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு, தனிவாக்கியத்தைத் தொடர்வாக்கியமாக்கு என்று பொருள் மாறாமல் வாக்கியத்தை மாற்றிய பயிற்சி இலக்கணப் பாடம் முழுக்க உண்டு. அதற்கும் பின்னால் நம் உரையாசிரியர்களின் பெரிய மரபு இருக்கிறது. ஒரு நல்ல உரையாசிரியர் செய்யுளை எடுத்ததும் அகராதியைத் திறப்பதில்லை. முதலில் சொற்களைக் கூட்டிப் பார்க்கிறார். எது எழுவாய், அதற்கு முடிக்கும் வினை எங்கே கிடக்கிறது, எந்த அடை எதைத் தழுவுகிறது என்று கண்டுபிடித்து, உரைநடை வரிசையில் கொண்டுகூட்டிக்கொள்கிறார். பிறகுதான் பொழிப்பு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் நிகண்டையும் மனப்பாடம் செய்தார்கள். ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் அவர்கள் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் நிகண்டுச் சொல்லை எடுத்து ஒவ்வொன்றாக மாற்றிவைத்து உரை எழுதியவர் யாரும் இல்லை. உரை என்பது பொருளிலிருந்து புறப்படுவது.

திருக்குறளைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் இதற்கு எனக்குத் தெரியவில்லை. ஒரு குறளை எடுத்துக்கொள்ளுங்கள். மு. வரதராசனார் உரையைப் படியுங்கள், கலைஞர் உரையைப் படியுங்கள், சாலமன் பாப்பையா உரையைப் படியுங்கள். மூன்றும் எளிதாகக் கிடைப்பவை. ஏழே சீரில் இருக்கும் ஒரு கருத்தை மூவரும் மூன்று விதமாகத் தொடங்குகிறார்கள். ஒருவர் காரணத்தை முன்னால் வைப்பார், இன்னொருவர் விளைவை முன்னால் வைப்பார். ஒருவர் எதிர்மறையில் முடிப்பதை மற்றவர் உடன்பாட்டில் முடிப்பார். ஒருவர் ஒரே நீண்ட வாக்கியமாக ஓட்டுவதை மற்றவர் பேச்சு மொழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். இதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு படித்துப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் முன்னுரைக்குத் தேவையான எல்லா உத்தியும் அந்த மூன்று உரைகளுக்குள் இருக்கிறது. வினையைப் பெயராக்குவது, பெயரை வினையாக்குவது, வாக்கியத்தின் பின்பாதியை முன்னால் கொண்டுவருவது, 'அதிகமில்லை' என்பதைக் 'குறைவு' என்பது. மொழி வேறு, கைப்பழக்கம் அதுவே.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. அவர் அதைத் திறமையாகவே நினைக்கவில்லை. வார்டில் அவர் தினமும் என்ன செய்கிறார்? டாக்டர் கேஸ் ஷீட்டில் 'என்.பி.ஓ.' என்று எழுதிவிட்டுப் போகிறார். இவர் நோயாளியிடம், "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதும்மா, காலையில ஆபரேஷன் இருக்குல்ல" என்கிறார். டாக்டர் 'டயபெட்டிக் ரெட்டினோபதி' என்கிறார். இவர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணைப் பாதிச்சிருக்கு தம்பி, இப்பவே பார்த்துட்டா மேல மோசமாகாமத் தடுக்கலாம்" என்கிறார். பொருளில் ஒரு குன்றிமணி அளவுகூட மாறவில்லை. கேட்பவருக்கு ஏற்றபடி சொல் மாறியிருக்கிறது, வரிசை மாறியிருக்கிறது, ஆறுதலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பதினைந்து படுக்கைகள் உள்ள வார்டில் ஒரு ஷிப்டுக்குள் இதைப் பலமுறை செய்கிறவருக்கு, பாராஃப்ரேஸ் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மருத்துவத் துறையினருக்காக ஆஸ்திரேலியாவில் உருவான ஓஇடி தேர்வு இந்தத் திறமையை நேராகவே சோதிக்கிறது. எழுதுதலில் ஒரு நோயாளியின் கேஸ் குறிப்புகளைத் தருவார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180 முதல் 200 சொல்லில் வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுத வேண்டும். குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் எடுத்தெழுதினால் மதிப்பெண் போய்விடும். கடிதம் பெறுபவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்து, துண்டு துண்டான குறிப்புகளை முழு வாக்கியமாக்கித் தர வேண்டும். பேசுதலில் இரண்டு நாடகப் பேச்சு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவுக்கு. எதிரே இருப்பவர் நோயாளி. அவரிடம் 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் போதாது, 'ஹை பிளட் பிரஷர்' என்று சொல்லி, அது என்ன செய்யும் என்றும் விளக்க வேண்டும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஓஇடியும் ஏற்கப்படுகிறது. வார்டில் வருடக்கணக்கில் பழகிய நம் பெண்களுக்கு இந்தத் தேர்வு ஒத்துவரக்கூடும். சகோதரி இதையும் யோசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வாக்கியத்தை உள்ளே போட்டால் வேறு சொல்லில் வெளியே தரும் மென்பொருள்கள் இப்போது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கின்றன. பயிற்சிக்கு அவற்றை நம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 2021-ல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள், அறிவியல் இதழ்களில் வந்த சில கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்கள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான ஆங்கிலத் தொடர் அங்கே 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று, அதாவது போலி உணர்வு என்று மாறியிருந்தது. 'பிக் டேட்டா' என்பது 'கலாசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 'பூசம் பெரில்' ஆகியிருந்தது. மார்பு ஆபத்து என்று சொல்லலாம். பிறர் எழுத்தைத் திருடியது தெரியாமல் இருக்க இயந்திரத்தை விட்டுச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் சந்தேகம். ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்தான நோயின் பெயரையே இப்படிச் சிதைத்து ஓர் ஆய்வு இதழில் அச்சிட முடிந்திருக்கிறது. இன்றைய செயலிகள் அன்றைக்கு இருந்தவற்றைவிட எவ்வளவோ தேறிவிட்டன, உண்மை. ஆனால் தேர்வு அறைக்குள் அவை வரப்போவதில்லை. அங்கே உங்கள் தலையில் இருப்பது மட்டுமே உதவும். அட்டவணை மனப்பாடமும் இயந்திரம் செய்த அதே வேலைதான்.

எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். நான் என் உறவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பலன் கண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். கேள்வி வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள். தாளைக் கவிழ்த்து வையுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவிடமோ அறைத் தோழியிடமோ, அது என்ன சொன்னது என்று பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். "வயசானவங்க நிறையப் பேர் இப்ப தனியாத்தான் இருக்காங்களாம். இது நல்லதா கெட்டதான்னு கேக்குறாங்க." இதைத் தடையில்லாமல் சொல்ல வந்துவிட்டால் கேள்வி உங்களுக்குப் புரிந்துவிட்டது. சொல்லும்போது எங்கேயாவது நாக்கு தயங்கினால், அந்த இடம்தான் புரியாத இடம்; தாளைத் திருப்பி அதை மட்டும் மறுபடி பாருங்கள். அதன் பிறகு, தாளைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். பெயர்த்தால் வினை கடைசியில் போய் நின்று ஆங்கிலம் திணறும். ஒரு வெளிநாட்டுத் தோழியிடம் அதே செய்தியைச் சொல்வதாக நினைத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் எழுதுங்கள். கடைசியாகத் தாளைத் திருப்பி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பலர்' என்றிருந்தது 'எல்லோரும்' ஆகியிருக்கிறதா? 'பலர்' என்றிருந்தது 'நாளுக்கு நாள் கூடுகிறது' ஆகியிருக்கிறதா? கேள்வியில் இல்லாத வயதோ நாடோ காரணமோ உள்ளே நுழைந்திருக்கிறதா? இருந்தால் திருத்துங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். தினம் மூன்று வாக்கியம் போதும்.

தேர்வு நாளில் இத்தனை படியும் தேவைப்படாது. கை தானாகச் செய்யும்.

சொற்கள் படிக்கவே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். படியுங்கள், ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். ஆங்கிலத்தில் சொற்கள் கூட்டாளியோடுதான் நடமாடும். பலத்த மழைக்கு 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'பிக் ரெயின்' என்று சொல்ல மாட்டார்கள். திடமான டீக்கு 'ஸ்ட்ராங் டீ', 'பவர்ஃபுல் டீ' வராது. தமிழிலும் அப்படித்தானே, கோபம் வரும், சிரிப்பும் வரும், புன்னகையைச் சிந்தவும் செய்யலாம், ஆனால் கோபத்தைச் 'சிந்தினார்' என்று எழுதினால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். ஒரு புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது அது எந்த வாக்கியத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாளிதழில் உங்களுக்குப் பிடித்த பகுதியை, சமையலோ கிரிக்கெட்டோ எதுவானாலும், தினமும் பத்து நிமிடம் படித்தால் ஆறு மாதத்தில் இந்தக் கூட்டாளிகள் தாமாகவே பழகிவிடுவார்கள். அப்படி அறிமுகமான சொல்லை மட்டும் தேர்வில் பயன்படுத்துங்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்த்திராத சொல்லை, எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், தேர்வுத் தாளில் முதல் முறையாக எழுதிப் பார்க்க வேண்டாம்.

பயிற்சி மையங்களில் கற்றுத்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்கள். நகையை அடகு வைத்து வருகிறவர்களும் உண்டு. இரவுப் பணி முடித்து, தூக்கம் கெட்டு, பஸ் பிடித்து வந்து உங்கள் முன்னால் உட்காருகிறார்கள். அவர்களுக்குச் சொல் அட்டவணையைக் கொடுப்பது சுலபம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேருக்குக் கொடுத்துவிடலாம். ஒவ்வொருவர் எழுதிய வாக்கியத்தையும் பார்த்து, இங்கே பொருள் மாறிவிட்டதம்மா என்று சொல்வது கஷ்டம். தயவுசெய்து அந்தக் கஷ்டத்தைப் படுங்கள்.

ஏற்கெனவே இந்தத் தேர்வுகளைத் தாண்டி லண்டனிலும் டப்ளினிலும் மெல்போர்னிலும் இருக்கும் நம் வாசகர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரிலிருந்து, நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து யாராவது ஒருவர் இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வீடியோ காலில் உட்கார்ந்து, அவர் எழுதிய நான்கு வாக்கியங்களைப் படித்துச் சொல்லுங்கள். கடிதம் எழுதிய சகோதரிக்கு அப்படி உதவ விருப்பமுள்ளவர்கள் எங்கள் அலுவலக முகவரிக்கு எழுதினால், அவருடைய சம்மதம் கேட்டு இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கிறோம். அவர் அடுத்த தேர்வு எழுத இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஆகவே இந்த இதழ் கைக்கு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்